கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்கு உங்களிடம் எப்போது கையெழுத்து வாங்கினார்கள்? (பெங்களூர்)

அல்சூர்க்காரி:

ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவர்கள் இங்கே சிலர் இருப்பது தெரியும். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு ஸ்கேனுக்கு அலைகிறவர்களும் இருக்கிறீர்கள். எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். படம் தெளிவாகத் தெரிய டை (கான்ட்ராஸ்ட்) ஊசி போட்டு எடுக்கிற சிடி, எம்ஆர்ஐக்கு உங்களிடம் கையெழுத்து வாங்கியது எப்போது, யாரிடம்?

அம்மாவுக்கு 67 வயது. வயிற்றுக்கு கான்ட்ராஸ்ட் சிடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். போனில் பதிவு செய்தபோது "கிரியேட்டினின் ரிப்போர்ட் (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை) கொண்டு வாங்க, நாலு மணி நேரம் ஒன்றும் சாப்பிட வேண்டாம்" என்றார்கள், அவ்வளவுதான். போனதும் பணம் வாங்கினார்கள், கவுன் மாற்றச் சொன்னார்கள், முழங்கை மடிப்பில் மருந்து ஏற்றுகிற குழாய் ஊசியான வென்ஃப்ளான் குத்தினார்கள். அம்மாவை மேசைக்குக் கூட்டிப் போகிற நேரத்தில் ஒரு பையன் அட்டையில் செருகிய காகிதத்தோடு ஓடி வந்து "அட்டெண்டர் யாரு, இங்க ஒரு சைன்" என்கிறான். ஒரு பக்கம் இங்கிலீஷ், பின் பக்கம் கன்னடம். அம்மா இந்த ஊரில் பிறந்தவர், கன்னடம் சரளமாகப் பேசுவார், ஆனால் படித்தது தமிழ் மீடியம். இரண்டு பக்கமும் அவருக்குப் படிக்க வராது.

அதில் கேள்விகள் இருந்தன. முன்பு இந்த மாதிரி ஊசிக்கு அலர்ஜி வந்ததா, ஆஸ்துமா உண்டா, கிட்னியில் கோளாறா, தைராய்டா, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா. எல்லாவற்றுக்கும் எதிரே "இல்லை" கட்டத்தில் ஏற்கனவே டிக் போட்டிருந்தது. நீல மையில், ஒரே இழுப்பாக, மேலிருந்து கீழே. யார் போட்டது? எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அதுவும் போக, ரொம்ப வருடம் முன்னால் கிட்னியில் கல் என்று ஐவிபி (டை ஊசி போட்டு எடுக்கிற கிட்னி எக்ஸ்ரே) எடுத்தபோது உடம்பு முழுக்கத் தடித்து ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டிருந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதுவும் சிடிக்குப் போடுவது போன்ற அயோடின் டைதான்.

பேனாவை வாங்கி "இல்லை"யை அடித்து "ஆமாம்" என்று எழுதினேன். அந்த நிமிடத்திலிருந்து அங்கே எல்லாம் மாறியது. ஸ்கேன் படம் பார்க்கிற டாக்டரான ரேடியாலஜிஸ்ட் இறங்கி வந்தார், அம்மாவிடமே உட்கார்ந்து பேசினார், இன்று வேண்டாம் என்று வென்ஃப்ளானைக் கழற்றச் சொன்னார். முன்கூட்டியே மாத்திரை கொடுத்து வேறு கம்பெனி மருந்து வைத்து எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர். "இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே" என்றும் சொன்னார். யாரிடம் சொல்வது? கேட்க வேண்டியவர் கேட்காமலேயே டிக் போட்டுவிட்டாரே.

சென்டர் பெயர் இங்கே வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது இது எல்லா இடத்திலும் இப்படித்தானா என்பது.

கே.ஆர்.புரம் வாசி:

மேடம், அம்மாவுக்கு ஒன்றும் ஆகாமல் தப்பித்தது நல்லது. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் பயந்து ஸ்கேனையே தள்ளிப்போட்டுவிடக் கூடாது என்று எழுதுகிறேன். அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து தொடர்ந்து கான்ட்ராஸ்ட் சிடி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு தடவையும் பிரச்சினை வந்ததில்லை. எல்லாத் தடவையும் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் படிவத்தில் "அரிதாக உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டினால் அவர் மேசையில் ஏறவே மாட்டார். ஸ்கேன் எடுக்காமல் விட்டால் வருகிற ஆபத்து இந்த ஊசியால் வருவதைவிடப் பல மடங்கு பெரியது.

சிடி டெக்னீஷியன்:

நான் இந்த ஊரில் சிடி ரூமில் வேலை செய்கிறேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில் கே.ஆர்.புரம் சார் சொன்னது. கடுமையான எதிர்வினை அரிது என்பது உண்மை. ஜப்பானில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட ஊசிகளைக் கணக்கெடுத்து 1990இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. பழைய அயனி வகை மருந்தில் 100 பேரில் 12, 13 பேருக்கு ஏதோ ஒரு விதத்தில் ஒவ்வாமல் போனது. இப்போது நாங்கள் போடுகிற அயனி இல்லாத வகையில் அது 3 பேராகக் குறைந்தது. கடுமையானது என்று எடுத்தால் புது வகையில் 10,000க்கு 4. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவராக வரக்கூடியவர் யார் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்க எங்களிடம் உள்ள முக்கியமான வழியே அந்தப் படிவத்தின் கேள்விகள்தான். தோலில் குத்திப் பார்க்கிற டெஸ்ட் டோஸ் எல்லாம் நம்பகமானது இல்லை. முன்பு ஒருமுறை ஒவ்வாமல் போயிருந்தால் மறுபடி வருகிற வாய்ப்பு மற்றவர்களைப்போல் சுமார் 5 மடங்கு. அம்மா சொன்ன அந்த ஐவிபி கதை எந்த ரத்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

படிவம் ஏன் கடைசி நிமிடத்தில் வருகிறது? ஆள் பற்றாக்குறைதான். காலையில் வெளிநோயாளி, நடுவில் எமர்ஜென்சி தலைக்காயம், வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சர். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் மூச்சு விட நேரம் இருக்காது. பில்லிங்கில் இருப்பவருக்கு அந்தக் கேள்விகளின் அர்த்தம் தெரியாது, காலியாக விட்டால் உள்ளேயிருந்து திருப்பி அனுப்புவார்கள் என்று அவரே டிக் போட்டு வைத்துவிடுகிறார். இது தவறு, சந்தேகமே வேண்டாம். நான் என் ஷிஃப்டில் டிக் போட்ட காகிதத்தைப் பார்ப்பதே இல்லை, நோயாளியிடம் புதிதாகக் கேட்கிறேன். ஆனால் அது என் ஒருவன் பழக்கம். ஷிஃப்ட் மாறினால் யார் கேட்பார்கள்?

இன்னொன்று. மருந்து கையால் தள்ளுவதில்லை, இன்ஜெக்டர் மெஷின் வினாடிக்கு 3 மில்லி மாதிரி தள்ளும், வயிற்று ஸ்கேனுக்கு 80 முதல் 100 மில்லி வரை போகும். போகும்போது உடம்பெல்லாம் சூடாகும், வாயில் உலோக ருசி வரும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். இதை முன்னாலேயே சொன்னால் யாரும் பயப்படுவதில்லை. சொல்லாமல் விட்டால் வயதான பெண்கள் வெட்கத்தில் நெளிந்து அசைந்துவிடுகிறார்கள், படம் கெட்டு மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. அதே நேரம் கையில் ஊசி இருக்கும் இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ வீங்கினாலோ அது சாதாரணமானது இல்லை, மருந்து நரம்புக்கு வெளியே போகிறது, உடனே கத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கில் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். எந்த மொழியில் கத்தினாலும் பரவாயில்லை.

ஸ்கேன் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். பெரும்பாலான கடுமையான எதிர்வினை முதல் 20 நிமிடத்துக்குள் வந்துவிடும். அரை மணி நேரம் வென்ஃப்ளானோடு உட்கார வைக்க வேண்டும். "பார்க்கிங்கில் வண்டி நிற்கிறது, கழட்டி விடுங்க" என்று எங்களோடு சண்டை போடுகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

பனசங்கரி சர்க்கரைக்காரர்:

எனக்கு மெட்ஃபார்மின் உண்டு. ஒரு சென்டரில் இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்து என்கிறார்கள், இன்னொரு சென்டரில் நிறுத்த வேண்டாம் என்கிறார்கள். நிறுத்தினால் சுகர் ஏறுகிறது, வெறும் வயிற்றில் மதியம் வரை காத்திருந்தால் இறங்குகிறது. எதுதான் சரி?

ஒயிட்ஃபீல்ட் அம்மா:

கைக்குழந்தைக்காரர்களுக்கும் யாராவது சொல்லுங்கள். என் தங்கையிடம் ஸ்கேனுக்கு அப்புறம் 24 மணி நேரம் பால் கொடுக்காதே, பீய்ச்சிக் கொட்டு என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் அழுதுகொண்டே கொட்டினாள். அப்புறம் அவளுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது, அதனால் கான்ட்ராஸ்ட்டே கூடாது என்று ஒருவர், பரவாயில்லை என்று இன்னொருவர்.

ரேடியாலஜி பிஜி:

நான் ரேடியாலஜி படித்துக்கொண்டிருக்கிற டாக்டர். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் டாக்டர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

மெட்ஃபார்மின் டையோடு சண்டை போடுவதில்லை சார். கிட்னி மந்தமானால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி லாக்டிக் அமிலம் ஏறலாம் என்பதுதான் பயம். இப்போதைய அமெரிக்க, ஐரோப்பிய ரேடியாலஜி வழிகாட்டுதல்களின்படி இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்) 30க்கு மேல் நிலையாக இருந்தால், நரம்பு வழியாகப் போடுகிற டைக்காக மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை. 30க்குக் கீழே என்றாலோ, கிட்னி திடீரென்று பழுதாகியிருந்தாலோ, ஸ்கேன் நேரத்தில் நிறுத்தி 48 மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். உங்களுக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லக் காரணம் பழைய விதி இன்னும் பல சென்டர் சுவர்களில் ஒட்டியிருப்பதுதான். கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், வயதையும் சேர்த்துக் கணக்கிடுகிற இஜிஎஃப்ஆரைக் கேளுங்கள். மெலிந்த வயதானவர்களுக்கு கிரியேட்டினின் 1.2 என்பது பார்க்க நல்ல எண்ணாக இருந்தும் கிட்னி பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கும். வெறும் வயிறும் அப்படித்தான், புது வகை டைக்கு அது தேவையில்லை என்று ஐரோப்பியர்கள் சொல்லிப் பல வருடமாகிறது. சில வகை ஸ்கேனுக்கு வேறு காரணத்துக்காகக் கேட்கலாம். சர்க்கரைக்காரர் என்றால் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள்.

தாய்ப்பால்: டையில் 100இல் 1 பங்குக்கும் குறைவாகத்தான் பாலில் வரும், அதிலும் குழந்தையின் குடல் உறிஞ்சுவது மிகச் சொற்பம். நிறுத்தத் தேவையில்லை. தங்கைக்கு மனசு கேட்காவிட்டால் முன்கூட்டியே பீய்ச்சி எடுத்து வைத்துக்கொள்ளலாம், அது அவருடைய விருப்பம்.

நண்டு, இறால் அலர்ஜி அவற்றில் உள்ள புரதத்தால் வருவது, அயோடினால் வருவதில்லை. பல அலர்ஜிகள் உள்ள உடம்பு என்பதால் கொஞ்சம் கவனம் கூட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஸ்கேனை மறுப்பது தவறு. நண்டு என்று சொன்னதும் பதறுகிற அதே இடத்தில் ஆஸ்துமாவைக் கேட்காமல் டிக் போடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கம்மனஹள்ளி:

எம்ஆர்ஐக்கும் இதே கதையா? எனக்கு மூளைக்கு வருடா வருடம் கான்ட்ராஸ்ட்டோடு எடுக்கிறார்கள். அந்த மருந்து மூளையிலேயே தங்கிவிடும் என்று படித்துவிட்டுத் தூக்கமில்லை.

ரேடியாலஜி பிஜி:

எம்ஆர்ஐயில் போடுவது கடோலினியம், வேறு பொருள். ஒவ்வாமை சிடி டையைவிடக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. கிட்னி ரொம்பப் பழுதானவர்களுக்குத் தோல் இறுகிப்போகிற என்எஸ்எஃப் என்ற கொடிய நோய்க்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு கிட்னி பார்த்து, மருந்தின் வகை பார்த்துப் போடத் தொடங்கியதும் அந்த நோய் ஏறக்குறைய காணாமல் போனது.

மூளையில் படிவது உண்மை. 2014இல் ஜப்பானிலிருந்து வந்த ஆய்வுதான் அதை முதலில் கவனத்துக்குக் கொண்டுவந்தது. கடோலினியத்தைக் கூண்டு போலச் சுற்றிப் பிடித்திருக்கிற மேக்ரோசைக்ளிக் வகையில் படிவது குறைவு, திறந்த சங்கிலி போன்ற லீனியர் வகையில் அதிகம். 2017இல் ஐரோப்பாவில் நரம்பில் போடுகிற லீனியர் மருந்துகள் பலவற்றை நிறுத்திவைத்தார்கள். அதே வருடம் அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருந்தை நிறுத்தவில்லை, நோயாளிக்குப் படிக்கக் கொடுக்க ஒரு தகவல் தாள் கட்டாயம் என்றது. மூளையில் படிந்ததால் இன்ன நோய் வந்தது என்று இதுவரை நிரூபணமாகவில்லை. நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. மருந்தின் பெயரைக் கேட்டுக் குறித்து வையுங்கள். கடோப்யூட்ரால், கடோடெரேட், கடோடெரிடால் மூன்றும் மேக்ரோசைக்ளிக். இந்த வருடம் கான்ட்ராஸ்ட் வேண்டுமா, இல்லாமலே பார்க்க முடியுமா என்று நியூராலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கர்ப்பம் என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் சொல்லிவிடுங்கள், அப்போது கடோலினியத்தைத் தவிர்ப்போம்.

சிவாஜிநகர் வக்கீல்:

அட்டெண்டர் கையெழுத்தைப் பற்றி. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. டெல்லியில் ஒரு பெண்ணுக்கு வயிற்றுக்குள் பார்க்க லேபராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதம் வாங்கி மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியில் இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். உயிர் போகிற அவசரம் இல்லை, நோயாளி விவரமுள்ள, வயதுவந்த பெண், அவருக்குப் பதிலாக அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். அங்கே ஆபரேஷன், இங்கே ஊசி. ஆனாலும் சுயநினைவோடு மேசை ஓரத்தில் நிற்கிற அல்சூர் அம்மாவை விட்டுவிட்டு மகளிடம் காகிதத்தை நீட்டுவது அதே தவறுதான்.

கே.ஆர்.புரம் சார் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. எட்டாத தூரத்து ஆபத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் அடுக்கி நோயாளியை மிரட்ட வேண்டியதில்லை. என்ன செய்யப்போகிறோம், எதற்கு, வேறு வழி உண்டா, குறிப்பிடத்தக்க ஆபத்து என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்று நோயாளி முடிவெடுக்கப் போதுமான அளவு சொன்னால் போதும்.

படிவத்தின் நகல் வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள். 2002 மருத்துவ ஒழுக்க நெறிமுறை விதிகளின்படி மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வேறொருவர் போட்ட டிக் உங்கள் பதிலாகப் பதிவாவதை அனுமதிக்காதீர்கள். அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வையுங்கள், அல்சூர் மேடம் செய்தது போல.

கே.ஆர்.புரம் வாசி:

வக்கீல் சார், பிஜி டாக்டர், இரண்டு பேருக்கும் நன்றி. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அப்பாவுக்கு கேன்சர் என்று நாங்கள் சொல்லவில்லை. அல்சர் ஆபரேஷன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். படிவத்தின் மேல் வரியில் நோயின் பெயர் எழுதியிருக்கும். அதனால்தான் காகிதம் அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். அம்மா கேட்டுக்கொண்ட விஷயம் இது, என்னால் மீற முடியவில்லை. இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அவர்கள் என்ன செய்வது?

அல்சூர்க்காரி:

தம்பி, உங்கள் வீட்டு முடிவைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் பெரியப்பாவிடம் கடைசி வரை சொல்லவில்லை. அது சரியா என்று எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, ஆனால் அது வேறு பேச்சு. ஊசிக் கேள்விகளுக்கு நோயின் பெயர் தேவையே இல்லையே. "முன்னால் எப்போதாவது ஸ்கேன் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதாப்பா, இழுப்பு வந்ததாப்பா" என்று கேட்க எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்? உங்களுக்குத் தெரிந்த அப்பா நீங்கள் பிறந்த பிறகு உள்ள அப்பா. அதற்கு முன்னால் அவர் உடம்புக்கு என்னென்ன நடந்தது என்று அவருக்குத்தான் தெரியும். அம்மா அந்த ஐவிபி கதையைச் சொல்லும் பழக்கம் இல்லாதவராக இருந்திருந்தால் நானும் அந்த நீல டிக்குக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சிடி டெக்னீஷியன்:

உங்களை மாதிரி வீட்டார் வாரத்துக்குப் பலர் வருகிறார்கள் சார். மேல் வரியை மறைத்துப் பிடித்துக்கொண்டு கண்ணால் ஜாடை காட்டுவார்கள், புரிந்துகொள்வேன். நோயின் பெயர் என் வாயிலிருந்து வராது. ஆனால் அலர்ஜி, ஆஸ்துமா, கிட்னி, மாத்திரை, இதை அவரிடம்தான் கேட்பேன், நீங்கள் குறுக்கே பதில் சொன்னாலும் மறுபடி அவரைப் பார்த்துத்தான் கேட்பேன். "டை போகும், சூடாகும், அரிதாகச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதற்கு மருந்து பக்கத்திலேயே இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், போடட்டுமா?" இதற்கு அவர் தலையசைத்தால்தான் ஊசி. பயந்து எழுந்து போனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பேசாமல் இழுத்துப்போய்ப் படுக்க வைத்தால்தான் கை நடுங்குகிறது. அவர் நேராகவே "எனக்கு என்ன நோய்" என்று கேட்டால் டாக்டரைக் கூப்பிடுவேன், பொய் சொல்ல மாட்டேன். அதற்கு வீட்டில் முன்கூட்டியே தயாராக இருங்கள்.

இன்னொன்று எல்லோருக்கும். உள்ளே போகும் முன், டாக்டர் கட்டடத்தில் இருக்கிறாரா, அட்ரினலின் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மூச்சு அடைத்தால் முதலில் தொடையில் போக வேண்டியது அதுதான். சில சின்ன சென்டர்களில் ராத்திரி ஷிஃப்டில் ரேடியாலஜிஸ்ட் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் படம் பார்ப்பார், ரூமில் டெக்னீஷியன் மட்டும். அங்கே பழைய அலர்ஜி உள்ளவர்கள் கான்ட்ராஸ்ட் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ரேடியாலஜி பிஜி:

மேலே சொன்னதற்கு ஒரு கூட்டல். எதிர்வினை வந்தால், வீட்டுக்குப் போன பிறகு வந்த தடிப்பானாலும், மருந்தின் பெயர், தேதி, என்ன ஆனது, மூன்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ரிப்போர்ட்டிலோ எழுதி வாங்குங்கள். வெறும் "டை அலர்ஜி" என்று எழுதினால் அடுத்த முறை எந்த மருந்தை மாற்றுவது என்று எங்களுக்குத் தெரியாது. மாத்திரை முன்கூட்டிக் கொடுத்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது, மருந்தை மாற்றுவதும் சேர்ந்தால் பலன் கூடும். நோயாளியே புகார் பதியவும் வழி உண்டு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. பொதுமக்களுக்கான அவர்கள் படிவம் தமிழிலும் இருக்கிறது.

அல்சூர்க்காரி:

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கவிளைவைப் பதிய ஒரு படிவம் தமிழில் இருக்க முடியுமென்றால், ஊசி போடும் முன் கேட்கிற கேள்விகள் ஏன் இருக்கக் கூடாது? நானே எழுதிப் பார்த்தேன், பிஜி டாக்டர் பார்த்துச் சொல்லுங்கள். "உங்களுக்கு மருந்து அலர்ஜி உண்டா? இழுப்பு நோய் உண்டா? சிறுநீரகக் கோளாறு உண்டா? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தைராய்டு உண்டா? கர்ப்பமா?" நேரம் பதிவு செய்கிற அன்றே வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பதில் சொல்லலாம்.

ரேடியாலஜி பிஜி:

முதல் கேள்வியை மாற்றுங்கள் அக்கா. "அலர்ஜி உண்டா" என்றால் நம் ஆட்கள் பாதிப் பேர் இல்லை என்பார்கள். "முன்பு சிடி, எம்ஆர்ஐ, ஆஞ்சியோ, கிட்னி எக்ஸ்ரே எதற்காவது ஊசி போட்ட பிறகு அரிப்பு, தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் வந்ததா" என்று உடைத்துக் கேளுங்கள். சிறுநீரகத்துக்கும் அப்படியே: டயாலிசிஸ் செய்ததுண்டா, ஒரே கிட்னியா, இப்போது வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருக்கிறதா. எம்ஆர்ஐ என்றால் பேஸ்மேக்கர், உடம்புக்குள் கிளிப் தனியாக. கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா" என்று ஒரு காலி வரி விடுங்கள். பெரிய தகவல் பாதி அந்த வரியில்தான் வரும்.

சிடி டெக்னீஷியன்:

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள் அக்கா, எங்கள் மேனேஜரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வயதானவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். கன்னடம் நான் பார்த்துக்கொள்கிறேன். சிவாஜிநகரிலிருந்து வருகிறவர்களுக்கு உருதுவும் வேண்டும், வக்கீல் சார், எழுதித் தர யாரையாவது தெரியுமா?